சைக்கிளின் உள்கூடு கிராங்க்கில் சத்தம், ஆட்டம், விரிசல்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

சைக்கிளில் பெடலை நடு அச்சோடு இணைக்கும் கைதான் கிராங்க், உள்ளே காலியாக இருப்பது உள்கூடு கிராங்க். கீழே உள்ளவற்றில் ஒன்று உங்கள் வண்டியில் இருந்தாலும் இன்றைக்கு அதை ஓட்ட வேண்டாம். கிராங்க்கின் பின்பக்கம் நீளவாக்கில் ஓடும் கோட்டில் நகம் மாட்டுகிறது. அந்தக் கோட்டில் வெள்ளைப் பொடி தெரிகிறது. மிதித்து அழுத்தும்போது அதிலிருந்து தண்ணீரோ கறுத்த கசடோ கசிகிறது. பெடல் துளையைச் சுற்றி முடி போன்ற கீறல் ஓடுகிறது. மற்ற அறிகுறிகளுக்கு நிதானமாகக் காரணம் தேடலாம், இவற்றுக்கு அவகாசம் கிடையாது. நின்று மிதிக்கையில் கிராங்க் ஒடிந்தால் உடல் எடை முழுவதும் முன்பக்கமாகச் சாயும். வால்பாறை, நெல்லியாம்பதி ஏற்றத்தில் பின்னால் ஜீப்பும் பஸ்ஸும் வரும் சாலையில் அப்படி விழக் கூடாது.

கோவை, பொள்ளாச்சி பக்கத்திலிருந்து வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியாகப் பாலக்காட்டுக்குள் ஓட்டுகிறவர்களையும், சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் ஓட்டுகிறவர்களையும் மனத்தில் வைத்து எழுதியது இது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை நுழைகிறது, அக்டோபரில் வடகிழக்கு தொடங்குகிறது. ஆக, எல்லையில் ஓடும் வண்டி வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம் பார்க்கிறது. இரண்டு துண்டைப் பசையால் ஒட்டிச் செய்த கிராங்க்குக்கு இது சின்ன விஷயமில்லை.

முதலில், உங்களுடையது எந்த வகை?

கிராங்க்கை வளைக்கும் விசையையும் முறுக்கும் விசையையும் பெரும்பாலும் வெளிச்சுவர்தான் தாங்குகிறது. நடுவில் இருக்கும் உலோகம் எடையைக் கூட்டுமே தவிர பலத்துக்கு அதிகம் உதவாது. அதனால்தான் நடுவைக் காலியாக விடுகிறார்கள். செய்முறையில் மூன்று வகை உண்டு.

ஒன்று, அலுமினியத்தை உள்கூடாகவே அடித்து உருவாக்கிய ஒரே துண்டு. இதில் ஒட்டு இல்லை. சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ நிறுவனத்தின் பழைய டியூரா-ஏஸ் 7800 இந்த வகை. இரண்டாவது, தொட்டி போன்ற வெளித்துண்டின் மேல் பின்பக்க மூடியை வைத்துப் பசையால் ஒட்டியது. ஷிமானோவின் 11 வேக (பின்சக்கரத்தில் 11 பல்சக்கரம் உள்ள) அல்டெக்ரா, டியூரா-ஏஸ் இப்படித்தான் வந்தன. சைக்கிள் நிறுவனமான கேனண்டேலின் ஹாலோகிராம் எஸ்எல் வரிசையும் கடைந்தெடுத்த இரண்டு பாதிகளை ஒட்டியதுதான். மூன்றாவது, கார்பன். உள்ளே வெற்றிடமோ நுரையோ இருக்கும், பெடல் துளையிலும் அச்சுப் பக்கத்திலும் அலுமினியத் துண்டைப் பதித்திருப்பார்கள்.

கழற்றாமலே தெரிந்துகொள்ளலாம். கிராங்க்கின் ஃபிரேமைப் பார்த்த பக்கத்தைத் துடைத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். ஓரத்தை ஒட்டி நீளமாக ஒரு கோடு சுற்றி வந்தால் அது ஒட்டிய வகை. கோடு இருப்பது பிழையல்ல, புதிதாக வாங்கும்போதே அது இருக்கும். கோடு திறப்பதுதான் பிழை.

அறிகுறி 1: ஏற்றத்தில் மிதிக்கு ஒரு முறை 'டக்'

அதிகம் கேட்கும் புகார் இது. அதிகம் தவறாக முடிவு கட்டப்படுவதும் இதுதான். பத்துப் பேரிடம் கேட்டால் பத்துப் பேரும் "பிபி போயிடுச்சு, மாத்து" என்பார்கள். பிபி (bottom bracket) என்பது கிராங்க் அச்சு சுற்றும் பேரிங் தொகுதி. அதை மாற்றிய பிறகும் சத்தம் நிற்காது. அதற்குள் கிராங்க்கின் ஒட்டு இன்னும் கொஞ்சம் திறந்திருக்கும். அதனால் வரிசை மாறாமல் ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே வாருங்கள். எளிதும் செலவில்லாததும் முதலில்.

மிதிப்பதை நிறுத்தி வண்டியை உருளவிடுங்கள். அப்போதும் சத்தம் வந்தால் கோளாறு சக்கரத்தில். மிதிக்கும்போது மட்டும் வந்தால், மிதியின் எண்ணிக்கையோடு சத்தத்தின் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று கவனியுங்கள். ஒத்துப்போனால் கோளாறு பெடலுக்கும் செயின்ரிங்குக்கும் (செயின் ஓடும் முன் பல்சக்கரம்) நடுவில். அடுத்து சீட்டிலிருந்து எழுந்து மிதியுங்கள். நின்றதும் சத்தம் போய்விட்டால் சீட்போஸ்ட்டையும் சீட்டின் கம்பிகளையும் பாருங்கள், கிராங்க்கைத் தொட வேண்டாம். வலது கால் இறங்கும்போது மட்டும் வந்தால் வலது பக்கத்தைச் சந்தேகியுங்கள்.

பிறகு பெடல். இரண்டையும் கழற்றி, மரையைத் துணியால் துடைத்து, கிரீஸ் தடவி, 35–55 நியூட்டன் மீட்டரில் (இறுக்கத்தின் அளவு, டார்க் ரெஞ்சில் தெரியும்) இறுக்குங்கள். இடது பெடலுக்கு எதிர்மரை (இடப்பக்கமாகத் திருப்பினால் இறுகும்) என்பது மறக்கக் கூடாது. ஷூவில் கிளீட்டின் (பெடலில் மாட்டும் அடித்தகடு) போல்ட்டுகளையும் பாருங்கள், 5–6 நியூட்டன் மீட்டர் போதும். முடிந்தால் நண்பரின் பெடலை மாட்டி அதே ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். பெடல் கோளாறா இல்லையா என்பதை இதைவிட உறுதியாகச் சொல்லும் சோதனை வேறில்லை.

அடுத்தது செயின்ரிங் போல்ட்டுகள். நான்கையும் ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து, கிரீஸ் இட்டு, 12–14 நியூட்டன் மீட்டரில் குறுக்காக மாற்றி மாற்றி இறுக்குங்கள். கஞ்சிக்கோடு பக்கத்துத் தூசும் மழையும் சேர்ந்தால் ரிங்குக்கும் கிராங்க்குக்கும் நடுவில் மணல் உட்கார்ந்துகொண்டு இதே 'டக்'கைத் தரும். நிறைய வண்டிகளில் சத்தம் இத்தோடு அடங்கிவிடும்.

அதிலும் போகவில்லை என்றால் இடது கிராங்க்கின் இரண்டு போல்ட்டுகள் (இதை அறிகுறி 4-இல் விரிவாகச் சொல்லியிருக்கிறோம்), பின் பிபி கோப்பைகள். மரையுள்ள கோப்பைக்கு 35–50 நியூட்டன் மீட்டர். இங்கிலீஷ் மரை பிபியில் வலது கோப்பைதான் எதிர்மரை. அழுத்திப் பொருத்தும் வகை என்றால் கோப்பையைக் கழற்றிக் குழாயைத் துடைத்து மீண்டும் பொருத்த வேண்டும், அந்த வேலையைக் கருவி வைத்திருக்கும் கடையில் கொடுங்கள். பின்சக்கரத்தின் விரைவுப் பூட்டையும் டிரெய்லரைத் (derailleur, செயினை நகர்த்திக் கியர் மாற்றும் பாகம்) தாங்கும் ஹேங்கரின் திருகையும் இந்த நேரத்தில் ஒரு முறை இறுக்கிவிடுங்கள். அங்கிருந்து வரும் சத்தம் ஃபிரேம் வழியாகக் கிராங்க்கில் வருவது போலவே கேட்கும்.

இத்தனையும் முடித்த பிறகும் 'டக்' அதே இடத்தில் இருந்தால் கிராங்க்கையே சோதிக்க வேண்டும். இரண்டு பேர் வேண்டும். முன்சக்கரத்தைச் சுவரில் முட்டவைத்து இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடியுங்கள். வலது கிராங்க்கைத் தரைக்கு இணையாக முன்பக்கம் நீட்டி வைத்து, ஒருவர் பெடல்மேல் காலை வைத்து மெதுவாக எடை கொடுத்து எடுக்க வேண்டும். மற்றவர் விரல் நுனியைப் பின்பக்கக் கோட்டின் மேல் வைத்து, அச்சுப் பக்கம் தொடங்கிப் பெடல் பக்கம் வரை நகர்த்த வேண்டும். ஒட்டு விட்ட இடத்தில் விரலுக்குச் சின்ன அதிர்வு தெரியும். கோவையில் மோட்டார் மெக்கானிக்குகள் பேரிங் சத்தம் கேட்க நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை இயந்திரத்திலும் கைப்பிடியைக் காதிலும் வைப்பார்கள். அதே முறை இங்கேயும் நன்றாக வேலை செய்யும். கோப்பையில் வைத்துக் கேட்டதற்கும் கிராங்க்கின் நடுவில் வைத்துக் கேட்டதற்கும் வித்தியாசம் தெளிவாக இருக்கும்.

இதே சோதனையைக் கிராங்க் நேர்க்கீழே இருக்கும் நிலையிலும் செய்யுங்கள். அப்போது பெடலைக் கீழே அழுத்தாமல் காலால் வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். ஒட்டு பாதி விட்ட கிராங்க் நேரடி எடைக்கு வாய் திறக்காமல் இருக்கும், பக்கவாட்டில் தள்ளினால் காட்டிக்கொடுத்துவிடும். காரணம் எளிது. 75 கிலோ எடையுள்ளவர் 172.5 மி.மீ. கிராங்க்கில் நின்றால் அச்சில் ஏறத்தாழ 127 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை வரும். பெடலின் நடுப்பகுதி கிராங்க்கிலிருந்து 5–6 செ.மீ. வெளியே இருப்பதால், அதே எடை கிராங்க்கை ஏறத்தாழ 40 நியூட்டன் மீட்டர் அளவுக்கு அதன் நீளத்தைச் சுற்றி முறுக்கவும் செய்கிறது. மூடியிருக்கும் கூடு இந்த முறுக்கைச் சுலபமாகத் தாங்கும். ஒரு பக்கம் பிளந்த கூட்டுக்கு அந்தப் பலம் வெகுவாகக் குறைந்துவிடும். நிமிஷத்துக்கு 80 சுற்று வீதம் நான்கு மணி நேரம் மிதித்தால் 19,200 முறை இது நடக்கிறது. அலுமினியத்துக்கு 'இந்த அளவுக்குக் கீழே எத்தனை முறை வளைத்தாலும் ஒடியாது' என்ற எல்லை கிடையாது. ஒவ்வொரு சுற்றும் கணக்கில் சேரும்.

அறிகுறி 2: பின்பக்கக் கோடு திறக்கிறது, வெள்ளைப் பொடி தெரிகிறது

ஒட்டிய கிராங்க் கெடுவது பெரும்பாலும் இந்த வழியில்தான். வியர்வையும் மழைநீரும் கோட்டில் நுழைகின்றன. நுழைந்தது காய வழியில்லாத இடுக்கு அது. உப்பு கலந்த ஈரம் பசைக்கும் உலோகத்துக்கும் நடுவில் அலுமினியத்தை அரிக்கிறது. அரிப்பில் உண்டாகும் வெள்ளைப் பொடி, அது தின்ற உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும். எனவே பசையை உள்ளிருந்தே நெம்பித் தூக்குகிறது. ஒட்டு ஒரு விரல்கடை விட்டாலும் அதன் முனையில் விசை குவிகிறது, அங்கிருந்து உலோகத்திலேயே விரிசல் தொடங்குகிறது. பசை விட்டது முதல் கட்டம், உலோகம் பிளப்பது இரண்டாம் கட்டம். கிராங்க் ஒடிந்து விழுவது இரண்டாவதில்.

வீட்டுக்குள் டிரெய்னரில் (சைக்கிளை ஒரே இடத்தில் நிறுத்தி மிதிக்கும் தாங்கி) ஓட்டுகிறவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மழையாவது கழுவிவிட்டுப் போகும், டிரெய்னரில் சொட்டும் வியர்வை உப்பாகப் படிந்தே இருக்கும். களியக்காவிளை, பாறசாலை, குளச்சல் பக்கத்தில் ஓட்டுகிறவர்களுக்குக் கடற்காற்றும் அதே உப்பைக் கொண்டுவந்து தரும்.

சரியாகச் சோதிக்கக் கிராங்க்கைக் கழற்ற வேண்டும். ஷிமானோ ஹாலோடெக் 2 (அச்சு வலது கிராங்க்கோடு சேர்ந்தே இருக்கும் வகை) என்றால் இடது கிராங்க்கின் இரண்டு போல்ட்டுகளையும் 5 மி.மீ. ஆலன் கீயால் தளர்த்துங்கள். அச்சு முனையில் உள்ள பிளாஸ்டிக் மூடியை அதற்கான சின்னக் கருவியால் திருகி எடுங்கள். கிராங்க்கின் பிளவில் உள்ள தடுப்புத் தகட்டைச் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் மேலே தூக்கினால் இடது கிராங்க் கையோடு வரும். பிறகு அச்சின் இடது முனையை ரப்பர் சுத்தியலால் தட்டினால் வலது கிராங்க் அச்சோடு வெளியே வரும். இரும்புச் சுத்தியல் கூடாது. கிராங்க்கை ஆப்பால் பிடிக்கும் பழைய காட்டர்பின் வண்டிகளில் கை பழகிய மெக்கானிக்குக்குச் சுத்தியல்தான் முதலில் கைக்கு வரும். பக்கத்தில் நின்று சொல்லிவிடுங்கள்.

பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசையை எடுங்கள். டீசலோ மண்ணெண்ணெயோ வேண்டாம், அவை கோட்டுக்குள் புகுந்து திறப்பை மறைத்துவிடும். காய்ந்த பிறகு டார்ச்சைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்தபடி வெளிச்சம் விட்டுப் பாருங்கள். ஃபோன் கேமராவில் பெரிதாக்கிப் படம் எடுத்தால் கண்ணுக்குத் தப்பியதும் அகப்படும். அடுத்த முறை ஒப்பிட அந்தப் படத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கெல்லாம் பார்ப்பது? முதல் இடம் வலது கிராங்க்கில், செயின்ரிங் தாங்கும் கைகள் கிராங்க்கோடு சேரும் மடிப்பு. செயின் இழுக்கும் விசையும் காலின் விசையும் சந்திக்கும் இடம் அது, கழுவும்போது பிரஷ் எட்டாத இடமும் அதுதான். இரண்டாவது, மூடியின் பெடல் பக்க முனை. மூன்றாவது, இடது கிராங்க்கில் அச்சைப் பிடிக்கும் பிளவைச் சுற்றி.

நகத்தைக் கோட்டுக்குக் குறுக்கே இழுங்கள். நல்ல கிராங்க்கில் வழுக்கிப் போகும். மாட்டினால், சோப்புத் தண்ணீரைக் கோட்டின் மேல் தடவிவிட்டுக் கிராங்க்கை இரண்டு கையாலும் பிடித்து முறுக்குங்கள். குமிழி வந்தாலோ, தடவிய தண்ணீர் உள்ளே இழுக்கப்பட்டாலோ ஒட்டு திறந்துவிட்டது. பிளேடையோ கத்தி முனையையோ உள்ளே விட்டுப் பார்க்காதீர்கள், நன்றாக இருக்கும் ஒட்டையும் அது கிளப்பிவிடும்.

கோவையில் வார்ப்பட ஆலைகளும் பம்ப் தொழிலும் இருப்பதால் சிவப்புச் சாயம் அடித்து விரிசல் பார்க்கும் ஸ்பிரே சுலபமாகக் கிடைக்கும். சுத்தம் செய்யும் டப்பா, சாயம், வெள்ளைப் பூச்சு என்று மூன்றாக வரும். சாயத்தை அடித்து, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் விட்டு, மேற்பரப்பைத் துடைத்து, வெள்ளைப் பூச்சு அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாக எழும். பெடல் துளை, அச்சுப் பிளவு போன்ற இடங்களுக்கு இது அருமையான முறை. ஒட்டுக் கோட்டில் மட்டும் இதை நம்பக் கூடாது. நல்ல ஒட்டிலும் ஓர இடுக்கில் சாயம் தங்கி சிவப்பு காட்டும். தேவையில்லாத திகிலும் வரும், சாயமும் உள்ளே போய்விடும்.

கோடு திறந்தது உறுதி என்றால் அந்தக் கிராங்க்கின் ஆயுள் முடிந்தது. இதற்கு ரிப்பேர் கிடையாது. எம்-சீல் வைத்து அடைத்தால் ஈரத்தை உள்ளேயே பூட்டுகிறீர்கள். அரால்டைட் ஊற்றினால் அது அரித்த பொடியின் மேல்தான் ஒட்டும், உலோகத்தில் ஒட்டாது. இத்தகைய ஒட்டுக்கு உலோகத்தை ரசாயனத்தில் முன்கூட்டியே தயார்செய்து, சூட்டையும் அழுத்தத்தையும் அளந்து கொடுத்திருக்கிறார்கள், பட்டறையில் அதைத் திரும்பச் செய்ய முடியாது. ஆர்கான் வெல்டிங் வைத்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். கிராங்க்கின் அலுமினியம் சூட்டில் பதப்படுத்திப் பலம் ஏற்றியது, வெல்டிங் சூடு பட்ட பகுதி அந்தப் பலத்தை இழந்துவிடும். வெல்டிங் வைத்த இடம் பார்க்க அழகாக இருக்கும், பக்கத்தில் ஒடியும்.

எண் பார்க்கும் முறை

2023 செப்டம்பர் 21 அன்று ஷிமானோ, 2019 ஜூலைக்கு முன் செய்த ஒட்டிய 11 வேக கிராங்க்குகளைச் சோதனைக்குக் கொண்டுவரச் சொல்லி அறிவித்தது. மாடல்கள் ஐந்து: அல்டெக்ரா எஃப்சி-6800, எஃப்சி-ஆர்8000, டியூரா-ஏஸ் எஃப்சி-9000, எஃப்சி-ஆர்9100, எஃப்சி-ஆர்9100-பி. அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6,80,000 கிராங்க்குகள் இதில் வந்தன. அங்கே பாகம் பிரிந்ததாக 4,519 புகார்களும், எலும்பு முறிவு உட்பட 6 காயங்களும் பதிவாகியிருந்தன. சோதனையில் ஒட்டு விட்டது தெரிந்தால் இலவசமாக மாற்றித் தருவது என்பதே ஏற்பாடு.

மாடல் எண் கிராங்க்கின் உட்பக்கத்தில் இருக்கும். அதோடு பெடல் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில், பின்பக்கம், இரண்டு ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். முதல் எழுத்து வருஷம்: கே என்றால் 2012, எல் 2013, எம் 2014, என் 2015, ஓ 2016, பி 2017, க்யூ 2018, ஆர் 2019. இரண்டாம் எழுத்து மாதம்: ஏ ஜனவரி, அப்படியே போய் எல் டிசம்பர். கே-எஃப் முதல் ஆர்-எஃப் வரை, அதாவது 2012 ஜூன் முதல் 2019 ஜூன் வரை உள்ளவை பட்டியலில் வரும். பெடல் உரசியோ மண் படிந்தோ எழுத்து மறைந்திருக்கும், துடைத்துப் பாருங்கள்.

உங்கள் எண் பட்டியலில் இருந்தால் கிராங்க் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. நல்ல நிலையில் இருப்பதும் நிறைய உண்டு. ஆனால் ஒரு முறை சோதனையில் தேறியது என்பது அந்த நாளின் நிலையை மட்டும் சொல்கிறது. அடுத்த இரண்டு மழைக்குப் பிறகு நிலை வேறு. ஷோரூமில் பார்த்துவிட்டார்கள் என்று வீட்டில் பார்ப்பதை நிறுத்துவது சரியல்ல என்பதே எங்கள் கருத்து. பட்டியலுக்குப் பின் செய்த ஒட்டு வகைகளுக்கும் இதே பழக்கம் நல்லது.

செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கும்போது விலை பேசுவதற்கு முன் இந்த இரண்டு எழுத்தைப் பாருங்கள். அல்டெக்ரா என்ற பெயரைக் காட்டி விலை ஏற்றிய வண்டிகளில் பல இந்தக் காலத்தைச் சேர்ந்தவை.

அறிகுறி 3: செயின்ரிங் தலை ஆட்டுகிறது, முன் டிரெய்லரில் ஒரே இடத்தில் உரசுகிறது

ரிங் வளைந்திருக்கலாம், கிராங்க்கும் பிரிந்திருக்கலாம். பிரித்தறிய, எடை கொடுக்காமல் கிராங்க்கைக் கையால் சுற்றி, டிரெய்லர் கூண்டுக்கும் ரிங்குக்கும் உள்ள இடைவெளியை நான்கு நிலைகளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வலது பெடலை அழுத்தியபடி அதே நான்கு நிலைகளில் பாருங்கள். இரண்டு முறையும் ஒரே அளவு ஆட்டம் இருந்தால் ரிங் வளைந்திருக்கிறது. கழற்றிச் சமையல் மேடைக் கிரானைட்டின் மேல் படுக்க வைத்தால் எந்தப் பக்கம் தூக்குகிறது என்று தெரிந்துவிடும், ரிங்கை மட்டும் மாற்றலாம்.

எடை கொடுத்தால் மட்டும் இடைவெளி மாறுகிறது, ரிங்கோ கிரானைட்டில் தட்டையாக உட்காருகிறது என்றால் வலது கிராங்க்கில் ஒட்டு விட்டிருக்க வாய்ப்பு அதிகம். அறிகுறி 2-க்குப் போங்கள். நின்று மிதிக்கும்போது ஃபிரேம் சற்று வளைவதால் லேசான உரசல் எந்த வண்டியிலும் வரும். போன மாதம் இல்லாத உரசல் இந்த மாதம் வந்தால்தான் சந்தேகம்.

அறிகுறி 4: இடது கிராங்க் லொடலொட

இடது கிராங்க்கைப் பிடித்து ஃபிரேமை நோக்கித் தள்ளி இழுத்தால் ஆட்டம் தெரிகிறது. பெரும்பாலும் இது பொருத்தியதில் வந்த தவறு, கிராங்க்கின் குற்றமில்லை. இரண்டு போல்ட்டையும் முழுக்கத் தளர்த்தி, பிளாஸ்டிக் மூடியைக் கைவிரலால் திருகும் அளவுக்கே, 0.7–1.5 நியூட்டன் மீட்டரில் இறுக்குங்கள். இது ஆட்டத்தை எடுப்பதற்கு மட்டும், கிராங்க்கைப் பிடித்து வைப்பதற்கல்ல. மூடியை முறுக்கி இறுக்கினால் பேரிங் சீக்கிரம் போகும். தடுப்புத் தகடு அச்சின் துளையில் உட்காரும் வரை கீழே தள்ளுங்கள். உட்காரவில்லை என்றால் கிராங்க் உள்ளே முழுவதும் போகவில்லை. பிறகு இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக, 12–14 நியூட்டன் மீட்டருக்குக் கொண்டுவாருங்கள். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு மற்றதற்குப் போனால் முதலாவது தளர்ந்திருக்கும்.

டார்க் ரெஞ்ச் இல்லாமல் "கை அளவு" என்று செய்வது இந்த இடத்துக்கு ஒத்துவராது. குறைந்தால் ஆடும், கூடினால் போல்ட் மரை உரியும் அல்லது பிளவின் ஓரத்தில் விரிசல் விழும். சொந்தமாக வாங்க முடியாவிட்டால் நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டத்தோடு வெகுதூரம் ஓட்டியிருந்தால் கிராங்க்கின் உட்பற்கள் மழுங்கியிருக்கும். அச்சு இரும்பு, கிராங்க் அலுமினியம், தேய்வது அலுமினியம்தான். மழுங்கிய பற்களை எவ்வளவு இறுக்கினாலும் இரண்டு மூன்று சவாரியில் மறுபடி ஆடும். குளிர்பான டின்னின் தகட்டை வெட்டிச் செருகுவதைக் கிராமத்துக் கடைகளில் பார்க்கலாம். அது கிராங்க்கை ஒரு பக்கமாகத் தள்ளிப் பிளவின் மேல் தவறான விசையை ஏற்றும். இடது கிராங்க் தனியாகக் கிடைக்கும், அதை மட்டும் மாற்றுங்கள். நீளம் பழையதுதானா என்று பின்பக்க எண்ணில் சரிபாருங்கள்: 165, 170, 172.5, 175.

இடது கிராங்க்கின் உட்பக்கம் பவர் மீட்டர் (மிதிக்கும் ஆற்றலை அளக்கும் கருவி) ஒட்டியிருப்பவர்களுக்கு இன்னொரு தடயமும் உண்டு. ஒரே வெயிலில், ஒரே இடத்தில் பூஜ்ய அளவு எடுத்தும் எண் சவாரிக்குச் சவாரி தாவினால், பேட்டரியையும் ஈரத்தையும் பார்த்த கையோடு கிராங்க்கையும் பாருங்கள்.

அறிகுறி 5: பெடல் சாய்கிறது, துளையைச் சுற்றிக் கீறல்

பெடல் அச்சின் தோள் கிராங்க்கின் முகத்தில் நுண்ணளவில் உரசிக்கொண்டே இருக்கிறது. அந்த உரசல் தடத்திலிருந்தோ மரையின் முதல் சுற்றிலிருந்தோ கீறல் கிளம்பும். தளர்ந்த பெடலோடு ஓட்டினால் சீக்கிரம் வரும். கீறலா, பெயின்ட் கோடா என்று சந்தேகம் இருந்தால் பெடலைக் கழற்றித் துளையின் உட்சுவரைப் பாருங்கள். கோடு உள்ளேயும் தொடர்ந்தால் விரிசல். மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

மரை மட்டும் உரிந்து, விரிசல் இல்லையென்றால், திடமான அலுமினிய கிராங்க்கில் துளையைப் பெரிதாக்கி மரைக்கூடு இட்டுக் காப்பாற்றலாம். ஒட்டிய வகையிலும் கார்பனிலும் அந்த வேலை வேண்டாம்.

தடுப்பு மலிவானது: பெடலுக்கும் கிராங்க்குக்கும் நடுவில் மெல்லிய இரும்பு வாஷர், மரையில் கிரீஸ், சொன்ன அளவுக்கு இறுக்கம்.

அறிகுறி 6: கார்பன் கிராங்க்கில் 'கிறுக்'

பதித்த அலுமினியத் துண்டு கார்பனிலிருந்து விட்டுவிட்டது. கார்பனும் அலுமினியமும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் அலுமினியம் அரிக்கும், உப்பு அதை வேகப்படுத்தும். பெடலைப் பிடித்து ஆட்டும்போது துண்டின் விளிம்பில் அசைவோ பொடியோ தெரிந்தால் போதும், தீர்மானித்துவிடலாம். பெடலைக் கழற்றும்போது துண்டு சேர்ந்தே சுற்றுவதும் உண்டு. கார்பன் பெரும்பாலும் ஒடிவதற்கு முன் உலோகம் போல வளைந்து எச்சரிக்காது, அதனால் "இந்த வாரக் கடைசியை மட்டும் ஓட்டிவிட்டு" என்ற பேச்சுக்கு இடமில்லை.

வழியிலேயே ஒடிந்துவிட்டால்

ஒற்றைப் பெடலில் மலையிறங்க வேண்டாம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். திருப்பத்தில் உடலைச் சமன் செய்ய இரண்டு காலும் ஊன்ற இடம் வேண்டும். ஒடிந்த முனை கெண்டைக்காலைக் கிழிக்கும் அளவுக்குக் கூர்மையாகவும் இருக்கும், அதில் துணி சுற்றிவிடுங்கள். சமவெளியில் என்றால் பக்கத்து ஊர் வரை தள்ளிக்கொண்டு போகலாம். மலையில் என்றால் ஜீப்புக்கோ சரக்கு ஆட்டோவுக்கோ சொல்லி அனுப்புங்கள். விழுந்த துண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெடல் அதில்தான் இருக்கும், சோதனைக்குக் கொடுக்கவும் அது வேண்டும்.

மாற்றும்போதும் அதற்குப் பிறகும்

ஷிமானோவின் 24 மி.மீ. அச்சு பொருந்தும் பிபி இருந்தால் ஷிமானோவின் 105 வரிசையிலுள்ள எஃப்சி-ஆர்7000 கிராங்க் அப்படியே உட்காரும். அது திரும்பப் பெறும் பட்டியலில் இல்லை. ஆர்8000-ஐவிட ஏறத்தாழ 40 கிராம் கூடுதல் எடை, இந்த வட்டாரத்து மழைக்கு அது பெரிய விலையில்லை. நான்கு கை 110 மி.மீ. ரிங்குகள் இரண்டுக்கும் ஒன்றே என்பதால் தேயாத பழைய ரிங்கை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், தோற்றம் மட்டும் சற்று ஒட்டாமல் இருக்கும். பொருத்தி முதல் 100 கி.மீ. ஓட்டிய பிறகு இடது போல்ட்டுகளையும் பெடலையும் மீண்டும் ஒரு முறை அளவில் இறுக்குங்கள்.

ஒட்டிய கிராங்க்கை இன்னும் வைத்திருக்கிறவர்கள் வண்டியை மோட்டார் பைக்கோடு சேர்த்து வாட்டர் சர்வீஸுக்கு விடாதீர்கள். அந்த அழுத்தத்தில் தண்ணீர் கோட்டுக்குள் போகும், சில இடங்களில் அலாய் வீலுக்கு அடிக்கும் ஆசிட் கலவையும் கூடவே போகும். மழை சவாரி முடிந்ததும் வாளித் தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி, காற்றோட்டத்தில் நிறுத்துங்கள். டிரெய்னர் சவாரிக்குப் பிறகு ஈரத்துணியால் உப்பைத் துடைப்பது ஒரு நிமிஷ வேலை. மழைக்காலத்தில் மாதம் ஒரு முறையும், நெல்லியாம்பதி போன்ற நீண்ட ஏற்றத்துக்குப் போவதற்கு முந்தின நாளும், கோட்டின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள்.

கழற்றிய கெட்ட கிராங்க்கைச் சோதனைக்குக் கொடுக்கும் வரை பத்திரமாக வைத்திருங்கள். கொடுக்க வேண்டியதில்லை என்றால் ஆக்சா பிளேடால் நடுவில் அறுத்துவிட்டுப் பழைய இரும்புக் கடையில் போடுங்கள். முழுசாகப் போட்டால் துடைத்து, மினுக்கி, இன்னொருவர் வண்டியில் ஏறிவிடும்.